பரவால்லவின் விலைப்பட்டியல்

என் வீட்டுக்காரருக்கு அவரைப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. சான்றிதழ்களில் பார்க்கலாம். மற்றபடி நண்பர்கள், பழைய ஆபீஸ்காரர்கள், என் தம்பி எல்லாருக்கும் அவர் ‘பரவால்ல’தான். காலை மிதித்தால் பரவால்ல. காபி கேட்டு டீ வந்தால் பரவால்ல. கல்யாணத்துக்கு முன்னால் முதல்முறை சந்தித்தபோது நான் ஒன்றரை மணி நேரம் தாமதமாகப் போனேன். “பரவால்ல, நானும் இப்பதான் வந்தேன்” என்றார். மேசையில் மூன்று காலிக் கோப்பைகள் இருந்தன. அந்தப் பொய்யில் விழுந்துதான் கட்டிக்கொண்டேன். அதே சொல்லை மனுஷன் ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் சொல்வார் என்று அப்போது எனக்கு யார் சொன்னார்கள்?

வெப்சைட் வடிவமைப்பது அவர் தொழில். ஒரு விளம்பரக் கம்பெனியில் பத்து வருஷம் உட்கார்ந்து அதைச் செய்தார். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது பிழிந்து உதறாமல் போட்ட துணி மாதிரி இருக்கும் முகம். போன வருஷக் கடைசியில் வேலையை விட்டுவிட்டு, படுக்கையறை ஜன்னலோரம் மேசை போட்டுச் சொந்தமாக ஆரம்பித்தார். “ஆறு மாசம் பாக்குறேன். நிக்க முடியலைன்னா திரும்பப் போயிடுறேன்” என்று என்னிடம் ஒப்பந்தம். அன்றிலிருந்து குளியலறையில் பாட ஆரம்பித்தார். குரல் கண்றாவி. ஆனால் பத்து வருஷமாக நான் கேட்காத குரல். அது நிற்கக் கூடாது என்று எனக்கு ஆசை. பேராசை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வேலையில் குறை சொல்ல முடியாது. ஒரு பட்டனை இரண்டு புள்ளி இடப்பக்கம் நகர்த்திவிட்டு, எழுந்து போய்க் கதவருகில் நின்று பார்ப்பார். திரும்ப வந்து ஒரு புள்ளி வலப்பக்கம் நகர்த்துவார். பிரச்சினை வேலையில் இல்லை, வாயில். “எவ்வளவு ஆகும்?” என்று யாராவது கேட்டால் போதும், கழுத்து சிவந்துவிடும், கை சட்டைப் பொத்தானைத் தேடும். “நீங்களே பாத்து குடுங்க” என்பார். பார்த்துக் கொடுங்கள் என்றால் யார் பார்ப்பார்கள்? பார்த்தாலும் யார் கொடுப்பார்கள்?

முதலில் வந்தவர் டிரைவிங் ஸ்கூல்காரர். நான் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியதால் இவர் துணிந்து ஒரு தொகையைச் சொன்னார். எப்படி? “எட்டாயிரம்... ஆறுன்னு வச்சுக்கலாம்... உங்களுக்குன்னா நாலு போதும்.” எதிராளி அதுவரை வாயையே திறக்கவில்லை. மூச்சு விடும் நேரத்தில் பாதி போய்விட்டது. அந்த நாலாயிரத்துக்கு, பக்கம் திறந்ததும் இடப்பக்கமிருந்து ஒரு கார் ஓடிவர வேண்டும் என்றார் அந்த மனுஷர். வந்தது. கார் திரும்பும்போது சிக்னல் போடவில்லை, பார்க்கிற பிள்ளைகள் தப்பாகக் கற்றுக்கொள்வார்கள் என்றார். சிக்னல் போட்டது. கார் வேகமாகப் போகிறது, அது சட்டவிரோதம் என்றார். பதினான்கு திருத்தம். கடைசியில் அந்தக் கார் மெதுவாக நகர்ந்து நடுப்பக்கத்துக்கு வருவதற்குள் பார்க்கிறவருக்கு லைசென்ஸே காலாவதியாகிவிடும்.

அடுத்து முடிதிருத்தும் கடைக்காரர். பணத்துக்குப் பதில் ஒரு வருஷத்துக்கு முடி வெட்டு இலவசம். “நல்லாத்தான இருக்கு?” என்றார் இவர். தலையில் இருப்பதே கைப்பிடி முடி! பத்து நாளைக்கு ஒருமுறை போய் உட்கார்ந்தால் அந்த ஆள் எதைத்தான் வெட்டுவார்? கூலியை வசூலிக்க முடி வளர வேண்டுமே என்று ஒரு வீடு காத்திருந்தது உலகத்திலேயே எங்கள் வீடாகத்தான் இருக்கும்.

இந்த லட்சணத்தில் ஐந்தரை மாதம் ஓடியது. வாடகை என் சம்பளத்தில் போனது. ஒரு பல் க்ளினிக்கில் வரவேற்பு மேசை என்னுடையது. போன் எடுப்பது, நேரம் குறிப்பது, பில் போடுவது எல்லாம் நான்தான். விலை சொல்வதும் நான்தான். வேர் சிகிச்சைக்கு இவ்வளவு, மேலே மூடி போட இவ்வளவு என்று மூச்சுத் திணறாமல் சொல்வேன். “என்னம்மா, பல்லுக்கு இவ்வளவா?” என்று நோயாளி அலறினாலும் என் கண் இமைக்காது. விலையைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும், அதற்கப்புறம் முதலில் பேசுகிறவர் தோற்றார். ஒன்பது வருஷத்தில் நான் கற்ற பாடம் இது. அப்படிப்பட்ட எனக்கு இப்படி ஒரு புருஷன்.

அந்த நேரத்தில்தான் இரண்டும் ஒன்றாக வந்தன. பழைய ஆபீஸ் மேனேஜர் போன் செய்து, “உன் நாற்காலி காலியாத்தான் இருக்குப்பா. வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிடு. அதுக்கு மேல வேற ஆள் எடுத்துடுவோம்” என்றார். அதே வாரம் மெத்தைக் கடைக்காரர் கூப்பிட்டார். அவருக்கு மூன்று கடை. மெத்தையின் அளவு, உயரம், உறை நிறம் எல்லாம் வீட்டிலிருந்தே தேர்ந்தெடுத்து ஆர்டர் போடுகிற மாதிரி பெரிய வெப்சைட் வேண்டுமாம். வியாழக்கிழமை நான்கு மணிக்கு வரச் சொன்னார். யார் சொல்லிக் கூப்பிட்டார் தெரியுமா? டிரைவிங் ஸ்கூல்காரர். “ரொம்பத் தங்கமான மனுஷன், வாயைத் திறந்து காசே கேக்க மாட்டாரு” என்று சிபாரிசாம். இளிச்சவாயன் என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது.

அன்று சாயங்காலம் உட்காரவைத்துக் கணக்குப் போட்டேன்.

“எத்தனை மணி நேரம் ஆகும்?”

“ஒரு நூத்திருபது.”

“மணிக்கு ஐந்நூறு. அறுபதாயிரம்.”

அவர் திரும்பிப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். “அறுபதா? என்ன நெனைப்பாரு அவரு?”

“என்னவேணா நெனைக்கட்டும். இது கெடைச்சா நாலு மாசம் ஓடும், அதுக்குள்ள அடுத்தது வரும். கெடைக்கலைன்னா வெள்ளிக்கிழமை மேனேஜருக்கு ஆமான்னு சொல்லிடுங்க. பதினஞ்சாயிரத்துக்கு ஒத்துக்கிட்டு வந்தாலும் ஆமான்னு சொல்லிடுங்க. என் சம்பளத்துல இதுக்கு மேல இழுக்க முடியாது.”

தலையாட்டினார். முகம் அந்தப் பழைய துணியாக மாறத் தொடங்கியது. சரி, பழக்கிப் பார்ப்போம் என்று நான் மெத்தைக் கடைக்காரராக மாறிச் சோபாவில் சாய்ந்தேன்.

“எவ்வளவுப்பா ஆகும்?”

“அறுபதாயிரம்.”

“என்னது!”

“நாப்பது.”

“நான் இன்னும் பேரமே ஆரம்பிக்கலைங்க! மறுபடி சொல்லுங்க.”

மறுபடி சொன்னார். நான் புருவத்தை மட்டும் தூக்கினேன். முப்பத்தைந்துக்கு வந்தார். மூன்றாவது முறை எனக்கு நிஜமாகவே இருமல் வந்தது, இருபதுக்கு வந்துவிட்டார். நான்காவது முறை நான் எதுவுமே செய்யவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்த அமைதியைத் தாங்க முடியாமல், “முதல்ல வேலையைப் பாருங்க, பிடிச்சிருந்தா குடுங்க” என்று எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இந்தப் பிள்ளைக்கு வாய்தான் எமன்.

தண்ணீர் குடித்தவர் ‘ஸ்ஸ்’ என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். கீழ்த்தாடையில் கடைசிப் பல், ஞானப்பல். மூன்று மாதமாகப் படுத்துகிறது. பிடுங்கச் சொன்னால் “பரவால்ல” என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். அந்தக் கன்னத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் க்ளினிக்கில் பேரமே பேசாத ஒரே கூட்டம் யார்? பல் பிடுங்கி, வாயில் பஞ்சு வைத்துக்கொண்டு வெளியே வருகிறவர்கள். பில்லை நீட்டினால் கட்டிவிட்டுப் போவார்கள். வேறென்ன செய்ய முடியும், பேச முடியாதே!

மறுநாள் வீட்டுக்கு வந்ததும் சொன்னேன்: “உங்களுக்கு வியாழக்கிழமை ரெண்டு மணிக்கு நேரம் போட்டிருக்கேன். பல்லை எடுத்துடலாம்.”

“அன்னைக்கு நாலு மணிக்கு மெத்தைக்காரர் ஆச்சே?”

“டாக்டருக்கு வேற நாளே இல்லை. விட்டா அடுத்த மாசந்தான்.”

நேரம் குறிக்கிற நோட்டு என் கையில். செவ்வாயும் புதனும் பல் விழுந்த வாய் மாதிரி காலியாகக் கிடந்தன. அதை ஏன் அவரிடம் சொல்லப்போகிறேன்?

விலைப்பட்டியலையும் நானே தயார் செய்தேன். க்ளினிக் கம்ப்யூட்டரில் நோயாளிகளுக்குக் கொடுக்கும் மதிப்பீட்டுத் தாள் இருந்தது. பல் பெயர்கள் இருந்த இடத்தில் முகப்புப் பக்கம், மெத்தை தேர்வுப் பக்கம், பணம் கட்டும் வசதி, செல்போனுக்கு ஏற்ற அமைப்பு என்று மாற்றி, எதிரே தொகை போட்டு, கீழே மொத்தம் அறுபதாயிரம் என்று தடித்த எழுத்தில் அடித்தேன்.

வியாழக்கிழமை பல் வர முக்கால் மணி நேரம் பிடித்தது. “வேர் நல்லா ஊனி நின்னுருக்கு” என்றார் டாக்டர். மனுஷரிடம் ஊன்றி நின்ற ஒரே பொருள் அதுதான் போலிருக்கிறது, அதையும் பிடுங்கிவிட்டோம். வாய் நிறையப் பஞ்சு, கன்னத்தில் ஐஸ் பை, வலி மாத்திரையில் சொருகிய கண்களோடு வெளியே வந்தார். பல் பிடுங்கினவரைத் தனியாக அனுப்பக் கூடாது என்று நானும் கூடப் போனேன். ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று எனக்கும் சத்தியம் செய்துகொண்டேன். நான் பேசினால் அது சண்டையில் முடியும்.

மெத்தைக் கடைக்காரருக்கு நல்ல கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். உள்ளறையில் இருந்த நாற்காலிகளின் மேல் துணி மாதிரிகள் அடுக்கிக் கிடந்ததால், காட்சிக்கு வைத்திருந்த ஒரு மெத்தையின் ஓரத்தில் எங்களை உட்காரச் சொன்னார். அந்தக் கடையிலேயே மிருதுவானது அதுதானாம். உட்கார்ந்ததும் இடுப்பு வரை உள்ளே போய்விட்டோம்.

“பல் எடுத்திருக்கு. அவரால பேச முடியாது” என்று அந்த ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுத் தாளை நீட்டினேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே படித்தார். “அறுபதா! என்ன தம்பி, வெப்சைட் கேட்டா வீடு கட்டி விக்கிற மாதிரி சொல்றீங்க?”

இவர் வாயைத் திறந்தார். நாற்பது என்று சொல்லத்தான் திறந்தார், எனக்குத் தெரியாதா? “வா... வ்வ” என்று ஏதோ வந்தது. ஐஸ் பையை எடுத்துக் கன்னத்தில் ஓர் அழுத்து அழுத்தினேன். வாய் மூடிக்கொண்டது.

“டிரைவிங் ஸ்கூலுக்கு நாலாயிரத்துக்குச் செஞ்சீங்களாமே?”

பதில் இல்லை.

“சரி, அது சின்னது, ஒரே ஒரு கார். ஒத்துக்கறேன்.” அவரே கேட்டு அவரே ஒத்துக்கொண்டார். “எனக்கு மூணு கடை. பெருசுதான். ஆனா அறுபது ஜாஸ்தி. முப்பது வச்சுக்கலாமா?”

பதில் இல்லை. இவர் கண்கள் மெல்லச் சொருகின.

“முப்பத்தஞ்சு? என்ன, பேசவே மாட்டேங்கறீங்க! சரி, நாப்பத்தஞ்சு. இதுக்கு மேல என்னால முடியாது, சொல்லிட்டேன்.”

நாற்பத்தைந்து! எனக்கே வாய் துடித்தது. ‘சரிங்க’ என்று சொல்லிவிட்டு எழுந்து ஓடிவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டேன். அப்போதுதான் இந்த மனுஷன் அதைச் செய்தார். மாத்திரை வேலை செய்ததோ, மெத்தை வேலை செய்ததோ, பெருமூச்சு ஒன்றை விட்டுவிட்டு மெதுவாகப் பின்னால் சாய்ந்தார். சாய்ந்தவர் அப்படியே படுத்துவிட்டார். காலைக்கூட மேலே தூக்கிப் போட்டுக்கொண்டார்.

கடைக்காரர் அவரையே பார்த்தார். நானும் பார்த்தேன்.

“இருபத்திரண்டு வருஷமா வியாபாரம் பண்றேம்மா” என்றார் கடைசியில், கொஞ்சம் மரியாதையான குரலில். “நாப்பத்தஞ்சுக்கு இப்படிப் படுத்துக் காட்டின ஆளை நான் பாத்ததே இல்லை.”

தாளை மறுபடி எடுத்தார். அடிவரிக்கு வந்ததும் புருவம் சுருங்கியது. “இது என்ன? ‘பாதித் தொகை முன்பணமாகக் கட்டிய பிறகே சிகிச்சை தொடங்கும். இடையில் நிறுத்தினால் வலி கூடும்.’”

எனக்குக் குப்பென்று வியர்த்தது. க்ளினிக் தாளின் அடிவரியை அழிக்க மறந்திருக்கிறேன்!

அவர் அதை இன்னொரு தரம் வாய்விட்டுப் படித்தார். அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார். “உண்மைதான். போன தடவை ஒருத்தன்கிட்ட குடுத்தேன், பாதியில விட்டுட்டு ஓடிட்டான். வலி இன்னும் போகலை.” மேசை இழுப்பறையைத் திறந்து முப்பதாயிரத்தை எண்ணி என் கையில் வைத்தார். “அறுபதுக்கு ஒரு பைசா குறைக்க மாட்டாரு போல. எழுப்பிக் கூட்டிட்டுப் போங்க. மெத்தை கசங்குது.”

எழுப்புவதற்குத்தான் பெரும்பாடுபட்டேன். வீட்டுக்கு வந்து பணத்தைக் காட்டும் வரை நடந்தது எதுவும் அவருக்கு முழுசாகத் தெரியாது. எண்ணிப் பார்த்தார். பஞ்சை எடுத்துவிட்டு முதலில் சொன்ன வார்த்தை, “பாவம், ஒரு பத்தாவது குறைச்சிருக்கலாம்.” அந்த வீங்கின கன்னம் மட்டும் இல்லையென்றால் அன்றைக்கு என் கையால் ஒன்று வாங்கியிருப்பார்.

வெள்ளிக்கிழமை மேனேஜருக்குச் செய்தி அனுப்ப உட்கார்ந்தார். மன்னிக்கவும் என்று ஆரம்பித்து ஒரு பக்கம் அடித்தார். ஒவ்வொரு வரியாக அழித்தார். அரை மணி நேரத்துக்குப் பிறகு மிஞ்சியது ஒரே சொல்: ‘வரலை.’ அதை அனுப்பிவிட்டுக் குளியலறைக்குப் போனார். ஒரு கன்னம் வீங்கியிருக்கும்போது அந்தக் குரல் இன்னும் கண்றாவி. நான் கதவுக்கு வெளியே நின்று, பாட்டு முடிகிற வரை கேட்டேன். கண் கலங்கியது, பொய் சொல்வானேன்.

சனிக்கிழமை காயத்தைக் காட்ட க்ளினிக்குக்கு வந்தார். டாக்டர் சும்மா இருக்கக் கூடாதா? “உங்க வீட்டம்மா பிடிச்ச பிடியில எடுத்தது. செவ்வாய்க்கிழமையே ஃப்ரீயா இருக்கேன்னேன், வியாழக்கிழமை ரெண்டு மணிதான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னாங்க.”

வெளியே வந்து நடந்தோம். நான் எனக்குத் தெரிந்த எல்லாச் சமாதானத்தையும் மனசுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டேன். ஆனால் அவர் கேட்டது வேறு.

“இந்த டாக்டர்கிட்ட நீ எத்தனை வருஷமா இருக்கே?”

“ஒம்பது.”

“சம்பளம் கடைசியா எப்ப ஏத்தினாரு?”

“நாலு வருஷம் இருக்கும். ஒவ்வொரு வருஷமும் ‘பாத்து செய்யறேம்மா’ன்னு சொல்லிட்டுதான் இருக்காரு.”

“அதுக்கு நீ என்ன சொல்லுவே?”

நான் பக்கத்துக் கடைப் பலகையை ரொம்ப அக்கறையாகப் படித்தேன்.

“சொல்லும்மா. என்ன சொல்லுவே?”

“...பரவாயில்ல டாக்டர்னு சொல்லுவேன்.”

மனுஷர் நடுத்தெருவில் நின்று சிரித்தார். தையல் வலிக்க வலிக்க, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோபம் அவர்மேல் இல்லை என்பதுதான் கோபம். ஊராருடைய பல்லுக்கெல்லாம் நான் விலை சொல்கிறேன். எனக்கு என்று வரும்போது நானும் அதே இளிச்ச வாய்தானே!

திங்கட்கிழமை காலை என் பையில் ஒரு தாளை வைத்தார். எனக்கான விலைப்பட்டியல். போன், நேரம் குறித்தல், பில் எல்லாம் இருந்தன. அழுகிற குழந்தைகளை மடியில் வைத்துக்கொள்ளுதல், கட்டுப்பல்லைக் குப்பைத் தொட்டியில் தேடி எடுத்துக் கொடுத்தல், டாக்டர் மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தார் என்று நினைவூட்டுதல் என்பவையும் இருந்தன. ஒவ்வொரு வரியும் நூல் பிடித்தாற்போல. இத்தனை வேலையா செய்கிறேன் என்று எனக்கே மலைப்பாக இருந்தது. கீழே, இப்போது வாங்கும் பதினெட்டுக்குப் பதில் மாதம் இருபத்தாறாயிரம் என்று தடித்த எழுத்தில்.

“பஞ்சு உங்க க்ளினிக்லயே கெடைக்கும்” என்றார், சிரிக்காமல்.

மத்தியானம் கூட்டம் ஓய்ந்ததும் உள்ளே போனேன். போவதற்கு முன், சொன்னால் சிரிப்பீர்கள், இரண்டு பஞ்சு உருளையை எடுத்துக் கடைவாயில் அடக்கிக்கொண்டேன். தாளை டாக்டர் மேசையில் வைத்துவிட்டு நின்றேன்.

அவர் படித்தார். நிமிர்ந்து என் கன்னத்தைப் பார்த்தார். எல்லார் முன்னாலும் செல்லுகிற அந்தத் தந்திரம், உலகத்தில் ஒரே ஒரு ஜாதி ஆளிடம் மட்டும் செல்லாது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

“ஆ காட்டும்மா” என்றார்.

ஒன்பது வருஷப் பழக்கம், அந்த வார்த்தையைக் கேட்டதும் வாய் தானாகத் திறந்துகொண்டது. இடுக்கியால் ஒன்று, இரண்டு என்று பஞ்சை எடுத்துத் தட்டில் போட்டார். “பல்லு எல்லாம் நல்லாத்தான் இருக்கு. இப்ப வாயால சொல்லு. எவ்வளவு?”

கழுத்து சூடாவது தெரிந்தது. கை தானாகப் புடவைத் தலைப்பைத் தேடியது. இருபது போதும் டாக்டர் என்று ஒரு குரல், உங்களுக்குத் தெரியாததா என்று ஒரு குரல், பாத்து செய்யுங்க என்று இன்னொரு குரல். எல்லாம் எங்கள் வீட்டுக்காரர் குரலாகவே கேட்டது. பாவம், இத்தனை நாளும் அந்த மனுஷன் இதையா விழுங்கிக்கொண்டிருந்தார்?

வேர் சிகிச்சைக்கு விலை சொல்கிற அதே குரலை எங்கிருந்தோ வரவழைத்தேன்.

“இருபத்தாறாயிரம் டாக்டர்.”

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அவர் தாளைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், தட்டில் கிடந்த பஞ்சைப் பார்த்தார். வெளியே போன் அடித்தது, நான் போய் எடுக்கவில்லை.

“ஒம்பது வருஷத்துல நீ ஒரு தடவைகூடக் கேக்கலையேம்மா” என்றார் டாக்டர். “இந்த மாசத்துலருந்தே போட்டுக்கோ.”